வீட்டுக்கு வீடு வாசற்படி

'வீட்டுக்கு வீடு வாசற்படி' என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். குறையில்லாத குடும்பம் இல்லை என்பதைத்தான் பெரியவர்கள் அப்படிச் சொல்லி வைத்தார்கள். ஆனால் குறையில்லாத கட்டடமும் இல்லை என்பதை நான் கற்றது, எங்கள் வீட்டை இன்னொரு குடும்பத்தின் வீட்டோடு மாற்றிக்கொள்ள முற்பட்டபோதுதான். அந்த அனுபவத்தையும் அதனூடே படித்துத் தெரிந்துகொண்டவற்றையும் மாணவ நண்பர்களோடும் முன்னாள் மாணவர்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். நம்மில் பலர் இன்னும் வீடு வாங்கும் நிலையில் இல்லை. ஆயினும், தமிழ்ப்பள்ளியில் தொடங்கித் தேசிய இடைநிலைப்பள்ளி வழியாக இங்கு வந்த நாம், வீட்டுக்கு வரும் மலாய்க் கடிதங்களைப் பெற்றோருக்குப் படித்துச் சொல்லும் பொறுப்பை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டோம். நாளை ஒரு பத்திரம் வரும்போது, அதையும் நாம்தான் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும்.

மாற்றம் பிறந்த கதை

பினாங்குத் தீவில் ஓர் அடுக்குமாடியின் ஆறாவது மாடியில் நாங்கள் இருந்தோம். மின்தூக்கி பழுதாகிக் கிடந்த ஒரு வாரத்தில் பாட்டிக்கு மருத்துவமனைத் தவணை வந்தது. மூட்டுவலிக்காரரான அவரை நாற்காலியில் அமர்த்தி, அப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் ஆறு மாடியும் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வழிநெடுக பாட்டி கண்ணை மூடிக்கொண்டே இருந்தார். அன்றே அப்பா முடிவு செய்துவிட்டார், இனித் தரை வீடுதான் என்று.

அப்பாவோடு துறைமுகத்தில் வேலை செய்யும் நண்பர் ஒருவருக்குப் பட்டர்வொர்த்தில் ஒரு மாடியில்லாத தரை வீடு இருந்தது. நான் அவரை மாமா என்றுதான் அழைப்பேன். அவருடைய மகளுக்குப் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. தினமும் பாலத்தைக் கடந்து போய்வந்து களைத்துப் போயிருந்தார். "வித்து வாங்குறதுக்குப் பதிலா, நாம ரெண்டு பேரும் மாத்திக்கிட்டா என்ன?" என்று ஒரு நாள் தேநீர்க் கடையில் பேச்சு வந்தது. கைகுலுக்கினார்கள். இரண்டு குடும்பமும் மகிழ்ந்தது.

நான் கட்டட ஆய்வுத் துறையில் மூன்றாம் ஆண்டு மாணவி. வகுப்பில் படித்ததைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை. "ரெண்டு வீட்டையும் முதல்ல ஆய்வு செஞ்சிடணும்பா" என்றேன்.

அப்பாவின் முகம் மாறியது. "முப்பது வருசப் பழக்கம்மா. உன் வீட்டை ஆள் வச்சுச் சோதிக்கிறேன்னு அவன்கிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? நாளைக்கு அவன் மூஞ்சியில முழிக்க வேணாமா?"

அம்மாவும் அப்பா பக்கம். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றிரவு சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

பரிவர்த்தனை: இருவரும் விற்பவர், இருவரும் வாங்குபவர்

தமிழ்நாட்டில் இப்படி வீட்டுக்கு வீடு, நிலத்துக்கு நிலம் மாற்றிக்கொள்வதற்குப் பரிவர்த்தனைப் பத்திரம் என்று பெயர். இந்தியாவின் 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டம் இதற்கென்று ஒரு தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. அதன் 120ஆம் பிரிவு சொல்வது இதுதான்: பரிவர்த்தனையில் ஒவ்வொருவரும் தாம் கொடுக்கும் சொத்தைப் பொறுத்தவரை விற்பவர், தாம் பெறும் சொத்தைப் பொறுத்தவரை வாங்குபவர். உரிமையும் கடமையும் இரு பக்கமும் உண்டு.

நம் நாட்டில் நிலம் வேறு சட்டத்தின் கீழ் வருகிறது. 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி, வீட்டை மாற்றிக்கொள்ளும் இருவரும் தத்தம் வீட்டுக்கு 14ஏ பாரத்தில் தனித்தனியாகப் பெயர் மாற்றம் செய்ய வேண்டும். ஆனால் உடன்பாடு என்று வரும்போது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பேசுகிறது. இந்தியாவின் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்ட சட்டம் அது.

அதன் 17ஆம் பிரிவில் ஒரு குதிரைக் கதை இருக்கிறது. ஒருவர் தம் குதிரைக்கு நோய் என்று தெரிந்தும் ஏலத்தில் வாய் திறக்காமல் விற்கிறார். இது மோசடி அன்று என்கிறது சட்டம். சொல்ல வேண்டிய கடமை இருந்தாலொழிய, வெறும் மௌனம் மோசடியாகாது. வாங்குபவர் அப்போதுதான் வயது வந்த அவருடைய சொந்த மகளாக இருந்தால் மட்டும், அந்த உறவின் காரணமாகச் சொல்லும் கடமை வந்துவிடுகிறது. நண்பரைப் பற்றி அந்த எடுத்துக்காட்டில் பேச்சே இல்லை.

19ஆம் பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. மறுதரப்பின் மௌனத்தால் ஏமாந்திருந்தாலும், சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்றால், அந்தக் காரணத்தைக் காட்டி ஒப்பந்தத்தைத் தள்ளிவிட முடியாது. எளிய தமிழில் சொன்னால், பார்க்க முடிந்ததைப் பார்க்காமல் விட்டவருக்குச் சட்டம் துணை நிற்பது அரிது. நட்பை நம்பிப் பார்க்காமல் விட்டாலும் அதே கதைதான்.

கொள்கலன் சொன்ன பதில்

சட்டத்தை எடுத்துச் சொன்னால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார் என்று எனக்குத் தெரியும். ஆகவே அவருடைய வேலையைப் பற்றிக் கேட்டேன்.

துறைமுகத்தில் ஒரு கொள்கலன் ஒருவர் பொறுப்பிலிருந்து இன்னொருவர் பொறுப்புக்கு மாறும்போது, அதன் நசுங்கல், ஓட்டை, துரு எல்லாவற்றையும் ஒரு கைமாற்றுச் சீட்டில் குறிப்பார்கள். கொடுப்பவரும் பெறுபவரும் கையெழுத்திடுவார்கள். அதன் பிறகு 'இந்த நசுங்கல் யாரால் வந்தது' என்ற சண்டைக்கு இடமில்லை. உள்ளே ஒருவர் நின்றுகொண்டு கதவை மூடச் சொல்லும் சோதனையும் உண்டு. இருட்டில் எங்கேனும் ஒளிப்புள்ளி தெரிந்தால் அங்கே ஓட்டை இருக்கிறது. மழையில் சரக்கு நனையும்.

"லாரிக்காரரை நம்பலைன்னுதான் அந்தச் சீட்டுல எழுதுறீங்களாப்பா?"

"அதெப்படி? தினமும் பார்க்குற ஆளு. எழுதி வச்சாத்தானே நாளைக்கு ரெண்டு பேருக்கும் நல்லது" என்றவர், பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சற்று நேரம் கழித்துக் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

திரும்பி வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். மாமா சொன்ன பதில் இது: "நானே கேக்கணும்னு இருந்தேன்டா. நீ தப்பா நினைப்பியோன்னு விட்டுட்டேன்."

இருவரும் ஒரே காரணத்துக்காக வாய் மூடியிருந்தார்கள்.

ஒரு விதி வைத்துக்கொண்டோம். நான் வீட்டுப் பெண், நடுநிலையாளர் அல்ல. எனவே வெளியாள் ஒருவரான கட்டட ஆய்வாளரை அமர்த்தி, கட்டணத்தை இரு வீடும் பாதிப் பாதியாக ஏற்பது. இரு வீட்டையும் ஒரே பட்டியலைக் கொண்டு பார்ப்பது. அறிக்கையின் படி இரு வீட்டுக்கும் கொடுப்பது. நான் ஏணி பிடித்து, குறிப்பெழுதி உதவினேன்.

முதலில் தாள், பிறகு சுவர்

சுவரைத் தட்டுவதற்கு முன் தாளைப் பார்க்க வேண்டும். நில அலுவலகத்தில் அதிகாரப்பூர்வத் தேடல் செய்தால், உரிமையாளர் யார், வங்கி அடமானம் இருக்கிறதா, தடை மனு பதிவாகியிருக்கிறதா என்பது தெரியும். இப்படி ஒரு சொத்தைச் சுற்றிய சிக்கல்களுக்குத் தமிழ்நாட்டில் 'வில்லங்கம்' என்ற அருமையான சொல் இருக்கிறது. வில்லங்கச் சான்று வாங்காமல் அங்கே யாரும் நிலம் வாங்குவதில்லை. பட்டாவில் 'உரிமைக் கட்டுப்பாடு' என்ற பகுதியையும் படிக்க வேண்டும். மாநில அரசின் அனுமதியின்றிக் கைமாற்றக்கூடாது என்று அங்கே எழுதியிருந்தால், கைகுலுக்கியதற்கு மதிப்பில்லை.

வீடு இருந்தும் நிலம் இல்லாத நிலையும் உண்டு. தற்காலிகக் குடியிருப்பு உரிமத்தின் கீழ் அரசு நிலத்தில் நிற்கும் வீடுகளைப் பாருங்கள். ஜோர்ஜ்டவுன் கடற்கரையில் கடல்மேல் கால்நட்டு நிற்கும் சீனர் குலப் படகுத்துறைகளின் கதை அதுதான். அந்த உரிமத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது என்று தேசிய நிலச் சட்டத்தின் 68ஆம் பிரிவு சொல்கிறது.

அடுக்குமாடி என்றால் பராமரிப்புக் கட்டண நிலுவையை மேலாண்மைக் குழுவிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். தரை வீட்டில் பின்னால் கட்டிச் சேர்த்த பகுதி இருந்தால், மாநகர் மன்றம் ஏற்ற வரைபடத்தைக் கேட்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட வரைபடமின்றிக் கட்டுவது 1974ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டத்துக்குப் புறம்பானது. முத்திரைத் தீர்வை, ஆதாய வரி ஆகியவற்றை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. பணம் கைமாறாவிட்டாலும் வரியின் கண்ணுக்கு இது கைமாற்றம்தான்.

மாமா வீட்டில் கண்டது

வெளியிலிருந்து பார்த்தால் புது வர்ணத்தில் மின்னிய வீடு அது. ஆனால் வர்ணத்தை நம்பக்கூடாது என்பதை ஜோர்ஜ்டவுனின் பழைய கடைவீடுகளில் ஏற்கெனவே கற்றிருந்தேன். அங்கே வாடகைக் கட்டுப்பாடு நீண்ட காலம் இருந்தது. 1966ஆம் ஆண்டுச் சட்டம் 1997இல் நீக்கப்பட்டு, இடைக்கால ஏற்பாடு முடிந்து, 2000ஆம் ஆண்டு பிறந்தபோதுதான் வாடகை கட்டவிழ்ந்தது. வாடகை குறைவு என்பதால் பல வீடுகள் பழுதுபார்க்கப்படாமல் கிடந்தன. 2008 ஜூலை 7இல் நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தலமானது. அந்தப் பழைய சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. ஈரத்தை உறிஞ்சி மெல்ல வெளியே விடும் இயல்புடையவை. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே சிறைப்பட்டு, உப்புப் பூத்து, பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. ஈரத்தின் மூலத்தைத் தேடாமல் மேலே பூசுவது புண்ணின்மேல் பவுடர் போடுவதற்கு ஒப்பாகும்.

மாமா வீட்டில் மூன்று குறைகள் தெரிந்தன.

முதலாவது, சமையலறை. அசல் வீடும் பிறகு இழுத்துக் கட்டிய பகுதியும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். அசல் வீடு ஆழமான அடித்தளத்தில் நிற்க, சேர்த்த பகுதி மேலோட்டமான அடித்தளத்தில் நின்றால், பின்னது தனியே அமிழ்ந்து இப்படி விரியும். ஆய்வாளர் விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதினார். சில வாரம் கழித்துப் பார்த்தால், அது பழைய விரிசலா, இன்னும் வளர்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது, கூரை. நண்பகலில் கூரைக்கும் உட்கூரைக்கும் இடையே ஏறி, கைவிளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தார். அப்பாவின் கொள்கலன் சோதனையேதான்! ஓடு விலகிய இரண்டு இடங்களில் ஒளி தெரிந்தது. விளக்கைப் போட்டபோது சட்டங்களில் கறையான் மண்கோடு. திருகுளியின் பிடியால் தட்டியதும் ஒரு சட்டம் டொக்கென்று ஒலித்தது. உள்ளே ஒன்றுமில்லை.

மூன்றாவது, காலணி அலமாரிக்குப் பின்னால். அலமாரியை நகர்த்தியபோது, வர்ணம் பூசாமல் விட்ட சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு. 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு தொடங்கிய பெருமழையையும் புயற்காற்றையும் பினாங்கு மக்கள் மறக்க மாட்டார்கள். ஏழு பேர் உயிரிழந்த வெள்ளம் அது. "அன்னைக்கு வந்த தண்ணிதான். அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல" என்றார் அத்தை. பக்கத்து வீட்டாரிடம் கேட்டோம். அவர்களும் அதையே சொன்னார்கள். வெள்ளத்தைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பதும் ஆய்வின் ஒரு பகுதிதான்.

எங்கள் வீட்டில் கண்டது

அடுத்த வாரம் எங்கள் முறை. எனக்குக் கவலையே இல்லை. நான் பிறந்து வளர்ந்த வீடு. அதன் ஒவ்வொரு மூலையும் தெரியும் என்று நினைத்தேன்.

ஆய்வாளர் மின்பெட்டியில் சோதனைப் பொத்தானை அழுத்தினார். மின்சாரம் உடனே துண்டிக்கப்பட்டது, நல்லது. குழாய்களைத் திறந்தார், நல்லது. குளியலறைத் தரையைத் தட்டினார். இரண்டு தளக்கற்கள் கீழே பிடிப்பில்லாமல் வெற்றொலி எழுப்பின. "கீழ் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

கீழ் வீட்டில் தனியாக இருக்கும் சீனப் பாட்டி இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே வந்து சொல்லியிருந்தார், தம் குளியலறைக் கூரையில் நீர் சொட்டுகிறது என்று. அப்பா கடையில் பசை வாங்கி ஓரங்களில் பூசினார். சொட்டு சில மாதம் நின்றது. பிறகு அவர் வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இப்போது போய்ப் பார்த்தபோது, கறுத்த கூரைக்குக் கீழே ஒரு வாளி இருந்தது. எங்களைக் கண்டதும் அவர் வாளியைத்தான் முதலில் ஓரமாக நகர்த்தினார், எங்களுக்கு வழிவிட.

2015ஆம் ஆண்டு அடுக்குமாடி மேலாண்மை விதிகளின்படி, மாடிகளுக்கிடையே நீர்க்கசிவு என்றால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை குறை மேல் வீட்டில்தான் என்று கொள்ளப்படும். புகார் வந்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் பார்வையிட வேண்டும். அந்தப் பாட்டி புகார் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. நாங்கள் வீட்டை அப்படியே மாற்றிக்கொண்டிருந்தால், அந்தச் சொட்டோடு சேர்த்து அந்தப் பொறுப்பையும் மாமாவின் தலையில் கட்டிவிட்டு வந்திருப்போம்.

அன்றிரவு என் குறிப்பேட்டைப் புரட்டினேன். ஆய்வு வேண்டும் என்று வாதாடிய நாளில் நான் எழுதிய பத்துக் கேள்விகள் இருந்தன. பத்தும் மாமா வீட்டைப் பற்றியவை. எங்கள் வீட்டைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. குதிரைக்கு நோய் என்று தெரிந்தும் ஏலத்தில் நின்றவள் நானேதான்.

கணக்குத் தீர்த்தது எப்படி?

இரு குடும்பமும் அறிக்கையை நடுவில் வைத்து உட்கார்ந்தோம். குறைகளை மூன்றாகப் பிரித்தோம்.

1. கைமாறும் முன் உரியவரே சரிசெய்ய வேண்டியவை: எங்கள் குளியலறை, மாமா வீட்டுக் கறையானும் ஓடும்.
2. மதிப்பில் கழித்துக்கொள்ள வேண்டியவை: சமையலறை விரிசல்.
3. தெரிந்தே ஏற்றுக்கொள்பவை: 2017 வெள்ளக் கோடு, பழைய கதவுகள், தேய்ந்த தரை.

எங்கள் குளியலறைத் தளக்கற்களைப் பெயர்த்து, நீர்க்காப்புப் பூச்சைப் புதிதாகப் போட்டோம். வடிகால் வாயை அடைத்து, ஒரு நாள் முழுக்க நீர் தேக்கி வைத்துக் கீழே போய்ப் பார்த்தோம். சொட்டவில்லை. சீனப் பாட்டியின் கூரைக்கும் அப்பாவே வர்ணம் பூசிக் கொடுத்தார். சமையலறை விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டவில்லை. இரு வீட்டையும் மதிப்பீட்டாளர் ஒருவர் மதிப்பிட்டார். வேறுபாட்டை மாமாவுக்கு நாங்கள் ரொக்கமாகக் கொடுப்பது என்று வழக்கறிஞர் முன்னிலையில் எழுதினோம். அறிக்கையும் ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்ந்தது. இரு தரப்பும் அதில் கையெழுத்திட்டபோது, "நம்ம கைமாற்றுச் சீட்டு" என்றார் அப்பா.

நிறைவாக

வீட்டை மாற்றவோ வாங்கவோ போகும் நண்பர்களுக்கு என் சிறு பட்டியல் இது:

1. நில அலுவலகத் தேடலை முதலில் செய்யுங்கள்.
2. கனமழை பெய்த மறுநாள் வீட்டைப் பாருங்கள். அலமாரிகளை நகர்த்திப் பாருங்கள்.
3. கூரைக்குள் ஏறி இருட்டில் ஒளி தேடுங்கள், மரத்தைத் தட்டுங்கள்.
4. சேர்த்துக் கட்டிய பகுதியின் இணைப்பையும் அனுமதியையும் பாருங்கள்.
5. அடுக்குமாடியில் மேலே யார், கீழே யார் என்று கேட்டு, இரு வீட்டாரிடமும் பேசுங்கள்.
6. ஒரே ஆய்வாளர், ஒரே பட்டியல், பாதிப் பாதிக் கட்டணம், இருவருக்கும் அறிக்கை.
7. பிறர் வீட்டைப் பற்றி எழுதும் முன், உங்கள் வீட்டைப் பற்றி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த குறைகளை எழுதிக் கொடுங்கள்.

இந்த ஏழில் ஏழாவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. திருக்குறளின் 51ஆம் அதிகாரத்துக்குத் 'தெரிந்து தெளிதல்' என்று பெயர். ஆராய்ந்த பிறகு நம்புவது என்று இடைநிலைப்பள்ளியில் மனப்பாடம் செய்தேன். ஆராய்வது நம்பிக்கைக்கு எதிரானது என்று அப்பா நினைத்தார். பிறரை ஆராய்ந்தால் போதும் என்று நான் நினைத்தேன். இருவருமே பாதிதான் படித்திருந்தோம்.

பட்டர்வொர்த் வீட்டில் குடிபுகுந்த அன்று, யாரும் தூக்காமல் பாட்டி தம் காலாலேயே வாசற்படியைத் தாண்டினார். உள்ளே வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "அந்தச் சீனத்தி வீட்டுல இப்ப சொட்டுதா?" என்பதுதான்.

"இல்ல பாட்டி" என்றேன். இந்த முறை தரையைப் பார்க்காமல் சொன்னேன்.